கோயம்பேடு போய்த் திரும்பும் கத்தரிக்காய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்பேட்டைகளை ஒட்டிய கிராமங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நிலத்துக்கு என்ன விலை, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை உண்டா என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் நிலத்தை விற்காமல், வேன் ஏறி ஷிஃப்டுக்குப் போகாமல், இன்னும் பயிர் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பேச்சில் வருவதே இல்லை. அவர்களுக்கு அந்த ஆலைகளால் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. அது கேன்டீன் அடுப்படி: ஊரில் விளையும் காயை நேராக அங்கேயே விற்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள ஊர்களில் பறிக்கும் கத்தரியும் வெண்டையும் இரவு லாரியில் கோயம்பேடு போகின்றன. லாரி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் கழித்துக்கொண்டு மீதி விவசாயி கைக்கு வருகிறது. அதே கோயம்பேட்டிலிருந்து கேன்டீன் கான்ட்ராக்டரின் வண்டி காய் ஏற்றிக்கொண்டு, அதே நெடுஞ்சாலையில், அதே வயல்களைத் தாண்டி ஆலைக்குள் நுழைகிறது. போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது கிலோமீட்டர். இந்தப் பயணச் செலவை விவசாயியும் சுமக்கிறார், கேன்டீனும் சுமக்கிறது.

கேன்டீன் என்பது முதலாளி மனமுவந்து வைப்பதல்ல. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் இருக்க வேண்டும் என்றது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து அந்த வரம்பை 100 பேராக இறக்கியிருக்கிறது. சட்டத்தாலேயே உருவாகி, நாள் தவறாமல் சாப்பிடும் சந்தை இது.

எவ்வளவு சாப்பிடும்? சாம்பார், பொரியல், கூட்டு வைக்கும் கேன்டீனில் ஒரு சாப்பாட்டுக்குத் தோராயமாக 180 கிராம் பச்சைக் காய்கறி ஆகும். ஆயிரம் சாப்பாட்டுக்கு 180 கிலோ. ஆனால் இதில் பாதிக்கு மேல் வெங்காயம், தக்காளி, உருளை, கேரட். இவற்றை இந்த வட்டாரத்தில் விளைத்துப் போட்டி போட முயல வேண்டாம். வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்தும், கேரட் நீலகிரியிலிருந்தும், தக்காளி கிருஷ்ணகிரி, மதனப்பள்ளிப் பக்கமிருந்தும் வருகின்றன. அந்த மண்ணும் குளிரும் நமக்கு இல்லை. நம் கையில் உள்ளது வெண்டை, கத்தரி, சுரை, புடலை, பீர்க்கு, பூசணி, முருங்கை, கீரை. அது ஆயிரம் சாப்பாட்டுக்கு 80 முதல் 90 கிலோ. நாளுக்கு 500 கிலோ விற்க வேண்டுமென்றால் ஆறாயிரம் சாப்பாடு வேண்டும். மூன்று ஷிஃப்ட் ஓடும் பெரிய ஆலை ஒன்றோ, நடுத்தர ஆலைகள் நான்கைந்தோ சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும்.

அரிசி? கணக்கு ஆசை காட்டும். ஆளுக்கு 130 கிராம் என்றால் ஆயிரம் பேருக்கு நாளுக்கு 130 கிலோ புழுங்கலரிசி, அதாவது சுமார் 200 கிலோ நெல். 300 நாளுக்கு 60 டன். ஏறக்குறைய 25 முதல் 30 ஏக்கர் நெல்லின் ஒரு போக விளைச்சல். ஆனால் கேன்டீன் சமையல்காரர் புது அரிசியைத் தொடமாட்டார். பெரிய அண்டாவில் குழைந்துவிடும், சோறும் காணாது. ஆறு மாதமாவது பழசாக்கிய அரிசி வேண்டும். கல் பொறுக்கி, கறுப்பரிசி நீக்கித் தரும் ஆலையும் வேண்டும். ஆறு மாதம் நெல்லை முடக்கிவைக்கப் பணம் இல்லாத உழவர் நிறுவனம் (விவசாயிகள் பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்) இதில் முதலில் இறங்கினால் தலை தூக்காது. காயில் தொடங்கி, கையில் காசு சேர்ந்தபின் அரிசிக்கு வரலாம்.

முதல் இடறல் யாரிடம் பேசுவது என்பதிலேயே வருகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தார் நேராகக் கான்ட்ராக்டரிடம் போகிறார்கள். அவருக்கு ஆலை ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்த விலை தருகிறது. காயை எவ்வளவு மலிவாக வாங்குகிறாரோ அவ்வளவு அவருக்கு மிச்சம். மார்க்கெட்டில் மாலையில் தேங்கிய சரக்கை அள்ளிவருபவரிடம் போய்த் தரம் பற்றிப் பேசிப் பயனில்லை. பேச வேண்டியது ஆலையின் மனிதவளப் பிரிவிடமும் நிர்வாகப் பிரிவிடமும். அதுவும் கேன்டீன் டெண்டர் விடுவதற்கு முன்பு. ‘25 கிலோமீட்டருக்குள் உள்ள உழவர் நிறுவனத்திடமிருந்து இன்னின்ன காய்களில் இத்தனை சதவீதம் வாங்க வேண்டும்’ என்ற ஒரு வரி டெண்டரில் ஏறிவிட்டால், விலை கேட்கும்போதே கான்ட்ராக்டர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்வார். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு போய் நின்றால், அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, இன்டென்ட் (அன்றன்றைய தேவைப் பட்டியல்) கேட்கக் கூடாது, மெனுவைக் கேட்க வேண்டும். ‘நாளைக்கு 60 கிலோ வெண்டைக்காய்’ என்று முந்தின நாள் வரும் இன்டென்டை வைத்து யாரும் வெண்டை விதைக்க முடியாது. விதைத்து முதல் பறிப்புக்கு 45 நாள் ஆகிறது. ஆனால் கேன்டீன்களின் மெனு ஒன்றிரண்டு வாரச் சுற்றில் திரும்பத் திரும்ப வருவது. அந்தச் சுற்றைக் கையில் வாங்கிவிட்டால் எந்த வாரம் எந்தக் காய் எத்தனை கிலோ என்று மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிவிடலாம். பதிலுக்கு ஒரு சலுகையும் கேட்கலாம்: திங்கட்கிழமை கத்தரி, புதன்கிழமை வெண்டை என்றிருப்பதைத் தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளும் உரிமை. சமையல்காரருக்கு அதில் சிரமம் கிடையாது.

விதைப்புக் கணக்குதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி, பெரும்பாலான முயற்சிகள் கவிழ்வதும் இதில்தான். எல்லோரும் ஒரே மழைக்கு விதைக்கிறார்கள். ஒரே மாதத்தில் காய்க்கிறது. முதல் ஆறு வாரம் ஆலை கேட்டில் காய் குவிகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் வெறுங்கையாக நின்ற நிறுவனத்தை எந்தக் கேன்டீனும் மறுபடி கூப்பிடாது.

வெண்டையை எடுத்துக்கொள்வோம். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 5 டன் என்று வைத்தால், காய்ப்புக் காலம் சுமார் 48 நாள், நாளுக்கு ஏறக்குறைய 100 கிலோ. ஆனால் இது சராசரி. முதல் வாரம் 40 கிலோ வரும், நடுவில் 150 தாண்டும், கடைசியில் மறுபடி விழும். ஆகவே ஒரு ஏக்கரை ஒரே நாளில் விதைக்காமல், 24 நாளுக்கு ஒருமுறை அரை ஏக்கர் வீதம் வெவ்வேறு உறுப்பினர் நிலத்தில் விதைத்தால், எப்போதும் இரண்டு அரை ஏக்கர் காய்ப்பில் இருக்கும். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். நாளுக்கு 100 கிலோவை ஒட்டியே வரத்து நிற்கும். கத்தரிக்கு நடவிலிருந்து முதல் பறிப்பு 55 முதல் 60 நாள். நாற்றங்கால் ஒரு மாதம் தனி. அதன்பின் நூறு நாள் போல் காய்க்கும் என்பதால் 50 நாளுக்கு ஒரு முறை ஒரு ஏக்கர் நட்டால் 150 கிலோ போல் தேறும். யார், எந்தத் தேதியில், எத்தனை சென்ட் என்ற பட்டியல் நிறுவன அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கணினியில் இருந்தால் போதாது. உறுப்பினர் கண்ணில் தினமும் பட வேண்டும்.

வெண்டையை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் முற்றி நார் ஏறி, கேட்டில் திரும்பிவிடும். தொழிற்பேட்டைப் பக்கத்தில் பறிக்க ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு; இளவயதினர் எல்லோரும் காலை ஐந்தரைக்கே கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். அதனால் ஒரு குடும்பம் தன் கையாலேயே பறிக்கக்கூடிய அளவான 20 முதல் 25 சென்ட் வீதம் பிரித்துக் கொடுப்பது நல்லது. இரண்டு ஏக்கர் வெண்டையை ஒருவரே வைத்தால் கூலியிலேயே எல்லாம் போய்விடும். கோடையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வந்தால் அந்தச் செடியால் ஒன்றும் ஆகாது, பிடுங்கிப்போட வேண்டியதுதான். அர்க்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகத்தை எடுப்பதும், மஞ்சள் ஒட்டும் அட்டைகளை முளைத்த முதல் வாரத்திலேயே வைப்பதும்தான் வழி.

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான் தொல்லை. நான்கைந்து நாளுக்கு ஒரு பறிப்பு இருக்கும்போது, பறிப்புக்கு முந்தின நாள் மருந்தடித்துவிட்டுக் காயை அனுப்புவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. மார்க்கெட்டில் யாரும் கேட்பதில்லை. ஆலை கேட்கும். உணவுப் பாதுகாப்புத் தணிக்கை உள்ள கேன்டீனில் ஒருமுறை மருந்து எச்சம் பிடிபட்டால் அதோடு சரி. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, வாடிய நுனித்தண்டை வாரம் ஒருமுறை கிள்ளி எரிப்பது, 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் என்று முதலில் போக வேண்டும். ரசாயன மருந்து அடித்தே ஆக வேண்டுமானால், லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை அந்த வயலின் காய் ஆலைக்குப் போகக் கூடாது. எந்த வயல், என்ன மருந்து, எந்தத் தேதி என்ற நோட்டு இல்லாமல் இந்தக் கட்டுப்பாட்டை யாராலும் நடத்த முடியாது.

வடகிழக்குப் பருவமழையையும் மறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் நின்று இரண்டு மூன்று வாரம் காய் அற்றுப்போகும். அந்த நாள்களில் நிறுவனமே கோயம்பேட்டில் வாங்கிக் கொடுக்கலாம், அன்றைய மொத்த விலையோடு வண்டி வாடகை சேர்த்துப் பில் போடலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 35 ரூபாய்க்கு வாங்கி 25 ரூபாய்க்குக் கொடுத்துச் சேர்த்த லாபத்தை மழையில் கரைக்க வேண்டிவரும். சுரை, பூசணி போன்ற தாங்கும் காய்களை மேட்டு நிலத்தில் ஆடியிலேயே போட்டுவைப்பது ஓரளவு கைகொடுக்கும்.

விலை. வருடம் முழுக்க ஒரே விலை என்பது இரு தரப்புக்கும் ஆகாது. 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியதே, அந்த மாதிரி நேரத்தில் எந்த விவசாயி 25 ரூபாய் ஒப்பந்தத்துக்குக் காய் கொடுப்பார்? கொடுக்கமாட்டார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. முந்தைய வாரக் கோயம்பேடு மொத்த விலையின் சராசரியை எடுத்து, அதற்குக் கீழே ஒரு தரை, மேலே ஒரு கூரை வைப்பதுதான் நிலைக்கும். உதாரணத்துக்கு வெண்டைக்குத் தரை 18, கூரை 40 என்று வைத்தால், மார்க்கெட்டில் 8 ரூபாய்க்கு விழும்போது ஆலை 18 கொடுக்கும். 60-க்கு ஏறும்போது விவசாயி 40-க்குக் கொடுப்பார். தரை விலை சாகுபடிச் செலவுக்குக் கீழே இருந்தால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. விலை ஏறியபோது காயை வெளியே விற்ற உறுப்பினரின் பங்கை அடுத்த சுற்று விதைப்பில் பாதியாகக் குறைப்பது அபராதம் போடுவதைவிட நன்றாக வேலை செய்யும்; ஊருக்குள் அபராதத்தை வசூலிக்க யாரால் முடியும்?

தரம் பார்த்துத் திருப்புவது கேட்டிலேயே, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் பில்லில் ‘கழிவு 12 கிலோ’ என்று வெட்டினால் அது அழுகிய காயா, சமையலறையில் மிஞ்சியதா என்று யாருக்குத் தெரியும்? காலைப் பலகாரத்துக்கான வேலை அதிகாலை மூன்று மணிக்கே தொடங்கிவிடுவதால், காய் முந்தின மாலை ஏழு, எட்டு மணிக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். காலையில் பறித்து, நிழலில் பரப்பிச் சூடு தணித்து, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கினால் மாலை வரை தாங்கும். சாக்கில் கட்டினால் உள்ளே வெந்துவிடும்.

இனி பணம். பெரும்பாலான நிறுவனங்கள் முடங்கும் இடம் இது. நாளுக்கு 500 கிலோ, சராசரி 30 ரூபாய் என்றால் 15,000 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 3 லட்சத்து 90 ஆயிரம். கான்ட்ராக்டர் 60 நாள் கழித்துப் பணம் தந்தால் கிட்டத்தட்ட 8 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். விவசாயிக்கோ வாரம் ஒருமுறை காசு கொடுத்தாக வேண்டும். 300 உறுப்பினர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு போட்டால் 3 லட்சம். மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தில் உள்ளவர்களுக்குப் பங்குத்தொகைக்கு இணையாக, உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அது இன்னொரு 3 லட்சம். மொத்தம் 6. குறைவது 2 லட்சம். இந்த 2 லட்சம் கிடைக்காமல் மூன்றாம் மாதம் கதவடைப்பதைத்தான் ‘விவசாயிகளுக்கு வியாபாரம் தெரியாது’ என்கிறார்கள். பணத்தைக் கான்ட்ராக்டர் வழியாக வாங்காமல், ஆலையே 15 நாளில் நேராக நிறுவனக் கணக்கில் செலுத்திக் கான்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொண்டால் வெளியே நிற்கும் தொகை 2 லட்சத்துக்குள் அடங்கிவிடும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. வாங்கி விற்கும் வணிகர் என்ற வகையில் உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. காயைக் கழுவி, வெட்டி, பைகளில் அடைத்துத் தரும் பதப்படுத்தும் தொழிலாகப் பதிவு செய்து, உண்மையிலேயே அதைச் செய்தால் நிலைமை வேறு. கேன்டீன்களும் வெட்டிய காயைத்தான் விரும்புகின்றன. கீரையை எந்தக் கேன்டீனும் வாங்கத் தயங்குவதற்குக் காரணம் ஆய்ந்தெடுக்க ஆள் இல்லை என்பதுதான். ஆய்ந்து கழுவிக் கொடுத்தால் வாரம் மூன்று நாள் போகும். ஊரிலுள்ள மகளிர் குழுக்களுக்கு இதில் வேலை இருக்கிறது.

இதற்கெல்லாம் பெரிய கட்டடம் வேண்டாம். சிமென்ட் தரை, நல்ல தண்ணீர், முத்திரையிட்ட மின்னணுத் தராசு, நூறு கிரேட், ஒரு சிறிய வண்டி. குளிர்பதனக் கிடங்கை முதலில் கட்டுவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான தவறு. திறப்பு விழாப் படத்துக்கு அது நன்றாக இருக்கிறது. கத்தரியையும் வெண்டையையும் கீரையோடு சேர்த்து 4 டிகிரியில் வைத்தால், கத்தரித் தோல் குழிவிழும், வெண்டை கறுக்கும். அவற்றுக்கு 10 டிகிரியை ஒட்டி வேண்டும், கீரைக்கு அதற்கும் கீழே. ஒரே அறையில் இரண்டும் நடக்காது. அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே கொடுக்கும்போது அந்த அறையே தேவைப்படாது.

இந்தக் கொட்டகைக்கும் தராசுக்கும் பணம் எங்கே? 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை என்றும் சட்டமே சொல்கிறது. காய் வாங்குவதை அந்தக் கணக்கில் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். அது வியாபாரமாகவே இருக்கட்டும். கொட்டகை, கிணற்று நீர்ப் பரிசோதனை போன்றவற்றை அதில் கேட்கலாம். பள்ளிச் சுவருக்கு மூன்றாம் முறை வர்ணம் அடிப்பதைவிட இது உபயோகம்.

இன்னொரு பணம் இருக்கிறது, அதை யாரும் எண்ணுவதில்லை: தொழில் வரி. அரசியலமைப்பு ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை அனுமதிக்கும் இந்த வரி தமிழ்நாட்டில் அந்தந்த உள்ளாட்சிக்குப் போகிறது. கிராம ஊராட்சி எல்லைக்குள் ஆலை இருந்தால் அது அந்த ஊராட்சியின் பணம். நிரந்தர ஊழியர்களுக்குச் சரியாகப் பிடித்துக் கட்டும் ஆலைகளில்கூட ஒப்பந்த ஆள்களின் கணக்கு விடுபடுகிறதா, கான்ட்ராக்டர் வேறு ஊரில் கட்டுகிறாரா என்று ஊராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை பட்டியல் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

தண்ணீர் பற்றி ஒன்று. ஆலை மனைகளை மண் கொட்டி உயர்த்தும்போது ஏரிக்கு வரும் வரத்துக்கால் மதிலுக்குள் மாட்டிக்கொள்கிறது. மழையில் பக்கத்து வயல் மூழ்குகிறது, கோடையில் ஏரி காய்கிறது, ஆயக்கட்டு தரிசாகிறது. வருவாய்த் துறையின் புலப்படத்தை வைத்து வரத்துக்காலை அளந்து கல் நட்ட பிறகே மதிலுக்கு அனுமதி தர வேண்டும். கிணற்று நீரை ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரையிலும் தையிலும், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் மூன்று முறை அலசிய பாட்டிலில் பிடித்துச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 2.25 டெசிசீமன்ஸைத் தாண்டினால் பெரும்பாலான காய்க்கு ஆகாது. வழக்கமான மண், நீர்ப் பரிசோதனையில் குரோமியம், ஈயம் எல்லாம் தெரியாது; அவற்றைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த நிலங்கள் எப்போதோ கெட்டுப்போயிருந்தன.

கேன்டீனில் மிஞ்சும் சோற்றை மாட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகவைத்த சோற்றை அளவில்லாமல் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் மிகுந்து, படுத்து, இறந்தும் போகும். மிச்சச் சோறு சாண எரிவாயுக் கலனுக்குப் போகட்டும். மாட்டுக்குக் கம்பு நேப்பியர் தீவனப்புல் போதும்.

மாவட்ட ஆட்சியர்கள் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வேளாண் துறை வருகிறது, மின் வாரியம் வருகிறது, கூட்டுறவுத் துறை வருகிறது. ஆலைகள் வருவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்டத் தொழில் மையத்தின் மூலம் ஆலை நிர்வாகிகளையும் கேன்டீன் கான்ட்ராக்டர்களையும் அதே அறைக்குள் அழைக்க வேண்டும். அடுத்த டெண்டர் எந்த மாதம், எத்தனை சாப்பாடு, என்ன மெனு என்ற மூன்று தகவல்களை வெளியிட வைத்தால் போதும். ஏப்ரல் முதல் வாரத்தில் கேன்டீனுக்கு வெண்டைக்காய் போக வேண்டுமென்றால் பிப்ரவரி 15-க்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். அதற்கு ஜனவரியிலேயே ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்